முதல் பிஸ்டல்: காலிபரும் மாடலும் தேர்ந்தெடுப்பது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு மாடல் பெயரை மனதில் வைத்துக்கொண்டுதான் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். ‘கிளாக் கிடைக்குமா, பெரெட்டா என்ன விலை?’ என்பதுதான் முதல் கேள்வி. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வரும் ஆசை அது. நம் ஊரில் அந்த வரிசை எடுபடாது. சட்டம் எந்தத் தோட்டாவை அனுமதிக்கிறது, அது தொடர்ந்து கிடைக்குமா, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்ற மூன்றையும் தீர்த்துவிட்டுத்தான் மாடலுக்கு வர வேண்டும். அப்படி வந்தால் தேர்வு தானாகவே நாலைந்து துப்பாக்கிகளுக்குள் சுருங்கிவிடும்.

இங்கே பேசுவது செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலைப் பற்றி. டிரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா வெடிக்கும். அந்த விசையிலேயே ஸ்லைடு (குழலின் மேல் முன்பின் நகரும் உலோகப் பகுதி) பின்னால் போய் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடு) அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். சுழலும் சிலிண்டருக்குள் தோட்டா போடும் ரிவால்வர் வேறு வகை. ஆனாலும் ஓரிடத்தில் அதையும் சேர்த்துச் சொல்லாமல் முடியாது.

முதல் படி: எதற்காக வாங்குகிறீர்கள்?

உரிம விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டும் என்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. காலிபரையே, அதாவது தோட்டாவின் அளவையே, தீர்மானிப்பது இந்தப் பதில்தான். பண்ருட்டியில் முந்திரி மண்டி வைத்து இரவில் பணத்தோடு வீடு திரும்புகிறவருக்கும், புதுச்சேரி நேரு வீதியில் நகைக்கடை நடத்துகிறவருக்கும் தேவை தற்காப்பு. மகளைத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குத் தேவை முற்றிலும் வேறு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேண்டும் என்றால் பிஸ்டல் அதற்கான ஆயுதமே இல்லை. அதற்கு நீளக் குழல் துப்பாக்கிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

விளையாட்டுக்காக என்றால் நேராகத் தோட்டா பிஸ்டலுக்குப் போகாதீர்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். போட்டிகளில் பயன்படும் .177 ஏர் பிஸ்டலின் முகப்பு ஆற்றல் (குண்டு குழலைவிட்டு வெளியேறும்போது உள்ள ஆற்றல்) 20 ஜூலுக்குள்தான் இருக்கும். அந்த வரம்புக்குள் இருந்தால் உரிமம் தேவையில்லை. குறிபார்ப்பது, மூச்சு, டிரிகரை வெடுக்கென்று இல்லாமல் மெல்ல இழுப்பது எல்லாம் அதிலேயே கைக்கு வந்துவிடும். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கியது ஏர் பிஸ்டலில். 25 மீட்டரில் நான்காம் இடம் பிடித்தது .22 பிஸ்டலில். ஏர் பிஸ்டலில் பழகிய கை .22-க்கு மாறுவதுதான் இயல்பான பாதை.

இரண்டாம் படி: 9 எம்எம் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும் கைத்துப்பாக்கிகளைத் தோட்டாவை வைத்துப் பிரிக்கின்றன. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 எம்எம், .45 ரிம்லெஸ், .380 மற்றும் .455 ரிவால்வர் தோட்டாக்களை ஏற்றிச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் தடைசெய்யப்பட்ட ‘போர்’ (bore, அதாவது குழல் துளையின் அளவு) வகையில் வரும். கடைக்காரர்கள் இதை ‘பிபி’ (புரொஹிபிடட் போர்) என்பார்கள். மற்றவை ‘என்பிபி’ (நான் புரொஹிபிடட் போர்). விதியில் இருக்கும் ‘ஏற்றிச் சுடக்கூடிய’ என்ற சொற்களைக் கவனியுங்கள். துப்பாக்கியின் மேல் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பது பொருட்டல்ல. அதன் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) எது உட்கார்ந்து வெடிக்கும் என்பதுதான் கணக்கு.

வீடியோக்களில் ‘முதல் துப்பாக்கிக்கு இதுதான் சிறந்தது’ என்று காட்டப்படும் கிளாக் 19, சிக் பி320, பெரெட்டா 92 எல்லாம் 9 எம்எம். சாதாரணக் குடிமகன் நினைத்தே பார்க்க முடியாதவை. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு. யாராவது ‘9 எம்எம் மலிவாக இருக்கிறது, பேப்பர் எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்னால் அங்கே நிற்கவே நிற்காதீர்கள்.

ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம் என்பதும் 2019 திருத்தம்தான். முன்பு மூன்று. தாத்தா விட்டுச்சென்ற இரட்டைக் குழல் துப்பாக்கி உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாம் படி: காலிபர்

சட்டம் வடிகட்டியபின் பிஸ்டலுக்கு நடைமுறையில் மிஞ்சுவது மூன்று தோட்டாக்கள்: .22 எல்ஆர், .25 ஏசிபி, .32 ஏசிபி.

.22 எல்ஆர் 1887 முதல் இருக்கும் தோட்டா. 40 கிரெய்ன் ஈயக் குண்டு, அதாவது 2.6 கிராம். உதைப்பு மிகக் குறைவு. சத்தமும் குறைவு. கையில் பயம் ஏறாமல் நிறையச் சுட்டுப் பழகலாம். ஆனால் இது ரிம்ஃபயர். வெடிமருந்தைக் கொளுத்தும் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். அதனால் மற்ற தோட்டாக்களைவிட இது வெடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல். விளையாட்டுக்கு இதைவிட நல்லது இல்லை. தற்காப்புக்கு இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

.25 ஏசிபி 1905-ல் சட்டைப்பை பிஸ்டல்களுக்காக வந்தது. ஆற்றல் .22-ஐவிடக் கூடுதல் இல்லை, தோட்டாவும் எளிதில் கிடைப்பதில்லை. அதற்கான பிஸ்டல்கள் உள்ளங்கைக்குள் மறையும் அளவு சின்னவை, புதிதாகப் பழகுகிறவர் கையில் நிற்காதவை. வேண்டாம்.

ஆக, தற்காப்புக்காக வாங்குகிறவருக்கு .32 ஏசிபிதான். 7.65 எம்எம் பிரவுனிங் என்பதும் இதுவே. ஜான் பிரவுனிங் 1899-ல் வடிவமைத்தது. வழக்கமான குண்டு 71 கிரெய்ன், சுமார் 4.6 கிராம். 9 எம்எம்முடன் ஒப்பிட்டால் பாதி ஆற்றல்கூட இல்லை என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த ஆற்றலால்தான் புதியவர் இரண்டாவது குண்டையும் குறி தவறாமல் சுட முடிகிறது. எதுவுமே தெரியாமல் பெரிய தோட்டாவோடு தொடங்கியவர்கள் டிரிகரை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது விடுவது கஷ்டம்.

இங்கே இரண்டு விஷயங்களில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, கடையில் ‘32 தோட்டா’ என்று மட்டும் கேட்பது. இந்திய .32 ரிவால்வர்களில் போடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். அது நீளம் கூடியது, அடியில் அகன்ற விளிம்போடு வருவது. பிஸ்டலுக்கானது .32 ஏசிபி, நீளம் குறைவு. பெயரில் 32 இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. உங்கள் பில்லிலும் உரிமத்தின் தோட்டாப் பகுதியிலும் ‘ஏசிபி’ அல்லது ‘7.65’ என்று தெளிவாக இருக்கட்டும். பெட்டியை வாங்கியதும் கடையிலேயே ஒரு தோட்டாவை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று மேகசினில் தோட்டா ஏற்றும் முறை. .32 ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பு உடலைவிட ஒரு மயிரிழை அகலம். அதனால் மேலே வைக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் சிக்கிவிட்டால் ஸ்லைடு தள்ளும்போது இரண்டும் பூட்டிக்கொண்டு துப்பாக்கி அப்படியே நின்றுவிடும். ஏற்றும் முறை சுலபம்: மேகசினின் முன்பக்கத்தில் புதுத் தோட்டாவின் அடியை வைத்து, கீழே இருப்பதை அமுக்கி, பின்சுவரைத் தொடும்வரை வழுக்கிவிடுங்கள். நிரப்பியதும் தோட்டாக்களின் மூக்கு மேலே பார்க்கும்படி மேகசினைப் பிடித்து, அதன் பின்முதுகை உள்ளங்கையில் லேசாகத் தட்டிவிட்டு, மேலே தெரியும் தோட்டா லேசாக முன்சாய்ந்து அசைகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அசையாமல் இறுகியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஏற்றுங்கள்.

நான்காம் படி: புதுசா, பழசா?

தனிநபர்கள் வெளிநாட்டிலிருந்து துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசு 1980களின் நடுவிலேயே நிறுத்திவிட்டது. தேசியப் போட்டிகளில் தகுதிப் புள்ளி எடுத்த வீரர்களுக்கு விலக்கு உண்டு. எனவே இன்று சந்தையில் இருக்கும் வால்தர், கோல்ட், எஃப்என், செக் நாட்டு சிஇசட் பிஸ்டல்கள் பெரும்பாலும் அதற்கு முன் வந்து கைமாறிக் கைமாறிச் சுற்றுபவை. புதியதாக வேண்டுமென்றால் இந்தியத் தயாரிப்புதான். ஆயுதத் தொழிற்சாலைகள் தயாரிக்கும் .32 ஏசிபி பிஸ்டல் ‘அஷானி’ என்ற பெயரில் வருகிறது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபின் சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்யூப்மென்ட் இந்தியா லிமிடெடின் கீழ் போய்விட்டன.

முதல் பிஸ்டலுக்கு என் கருத்து உறுதியானது: இந்தியத் தயாரிப்பைப் புதிதாக வாங்குங்கள். டிரிகர் கொஞ்சம் கனமாக இருக்கும். மெருகும் ஜெர்மன் துப்பாக்கிகள் அளவுக்கு இருக்காது. ஆனால் ஆவணம் சுத்தமாக இருக்கும், முந்தைய வரலாறு கிடையாது, ஸ்பிரிங்கோ ஃபயரிங் பின்னோ (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி) தேய்ந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கும். பழைய வால்தருக்கு ஒரு மேகசின் தொலைந்தால் அதைத் தேடியே வருடம் போய்விடும். அந்த இறக்குமதித் துப்பாக்கிகளுக்குச் சொல்லப்படும் விலை அதன் அரிய தன்மைக்குத்தான், சுடும் திறனுக்கு அல்ல.

அப்படியும் பழசுதான் வேண்டும் என்றால் வால்தர் பிபி (PP, இது மாடலின் பெயர்; மேலே சொன்ன தடைசெய்யப்பட்ட ‘பிபி’ அல்ல). 1929-ல் வந்தது. .32-ல் 8 தோட்டா மேகசின். முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும் டபுள் ஆக்‌ஷன் டிரிகர். ஸ்லைடில் இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் ஹேமர் (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தி) பாதுகாப்பாக இறங்கிவிடும். புதியவருக்கு இது பெரிய உதவி. அதன் தம்பி பிபிகே 1931-ல் வந்தது. 7 தோட்டா, பிடி குட்டை. பெரிய கைக்காரருக்குச் சுண்டுவிரல் வெளியே தொங்கும். கோல்ட் 1903-ம் எஃப்என் 1910-ம் அருமையான வடிவமைப்புகள். ஆனால் குறிபார்க்கும் மேடுகள் மிகச் சின்னவை. நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு வெளிச்சம் குறைந்த இடத்தில் அவை தெரிவதே இல்லை.

.22-ல் போட்டி பிஸ்டல் வாங்கும் நிலைக்கு வந்தவர்களுக்கு பார்டினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி இரண்டும் நம்பகமானவை. இரண்டிலும் 5 தோட்டா மேகசின். பிடியைக் கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்ளலாம். அந்தத் தேர்வை உங்கள் பயிற்சியாளரிடமே விடுங்கள்.

இப்போது ரிவால்வர். மாதக்கணக்கில் பயிற்சிக்குப் போக முடியாது, பீரோவில்தான் இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்தால் பிஸ்டல் வாங்காதீர்கள். .32 ரிவால்வரே உங்களுக்குச் சரி. சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். 2014-ல் வந்த ‘நிர்பீக்’ சுமார் அரைக் கிலோ எடைதான். 2023-ல் ‘பிரபல்’ வந்தது, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பிஸ்டல் என்பது அடிக்கடி கையில் எடுத்துப் பழகுகிறவருக்கான கருவி.

ஐந்தாம் படி: கையில் எடுத்துப் பார்ப்பது

கடையில் எந்தப் பிஸ்டலைக் கொடுத்தாலும், ‘காலிதான் சார்’ என்று சொன்னாலும், இந்த வரிசையை விடாதீர்கள். குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும். விரல் டிரிகருக்கு வெளியே. முதலில் மேகசினை உருவுங்கள். அதன்பிறகு ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுத்து, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, விரல் நுனியை விட்டுத் தொட்டும் பாருங்கள். வரிசை மாறினால் ஆபத்து: மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும், விடும்போது புதுத் தோட்டா உள்ளே ஏறிவிடும். அதற்குப்பின் மேகசினை உருவிவிட்டு ‘காலி’ என்று நினைத்து டிரிகரைத் தொட்டால் விபத்துதான்.

.32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை புளோபேக் முறை. ஸ்லைடைப் பூட்டிவைக்கத் தனி அமைப்பு கிடையாது, ஸ்பிரிங்கின் பலமும் ஸ்லைடின் எடையும்தான் பிடித்து நிறுத்துகின்றன. அதனால் சின்னத் துப்பாக்கியாக இருந்தாலும் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். வாங்கப்போகும் ஆளே ஸ்லைடை இழுத்துப் பார்க்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களால் சில மாடல்களை இழுக்கவே முடியாது. இதைக் கடையிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பிடித்துக் குறிபார்க்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணுப்பகுதி டிரிகரில் இயல்பாக உட்கார வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை ஸ்லைடு பின்வாங்கும் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய சின்ன பிஸ்டல்கள் அந்த இடத்தைக் கிழித்துவிடும்.

பழைய துப்பாக்கி என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். சேம்பர் காலி என்று உறுதியானபின், ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, குழலின் பின்வாயில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து, டார்ச் வெளிச்சத்தை அதில் அடித்து முன்பக்கத்திலிருந்து பாருங்கள். சுருள் கோடுகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் ஓரிடத்தில் கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் உப்பியிருக்கலாம், அதைத் தொடாதீர்கள். சேஃப்டியைப் போட்டு டிரிகரை இழுங்கள். ஹேமர் அசையக் கூடாது. சேஃப்டியை எடுக்கும்போதும் தானாக விழக் கூடாது. கடைசியாக எண். உடலில் உள்ள எண்ணும், விற்பவரின் உரிமத்திலுள்ள எண்ணும் ஒரே எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். எண் உள்ள இடத்தில் அரம் போட்ட தடமோ புதுப் பூச்சோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் சரி.

.22 துப்பாக்கியில் மட்டும் வெறும் டிரிகரை இழுத்துப் பார்க்காதீர்கள். ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் விளிம்பில் அடித்து அதை நசுக்கும். அதற்கென்று இருக்கும் போலித் தோட்டாவைக் கேளுங்கள்.

ஆறாம் படி: காகிதமும் எல்லையும்

21 வயது ஆகியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. கிடைத்தால் உரிமம் 5 ஆண்டு செல்லும், தனி அடையாள எண்ணோடு வரும். பயிற்சியைச் சடங்காக முடிக்காதீர்கள். சென்னை ரைபிள் கிளப் போன்ற இடங்களில் சிலமுறை வெவ்வேறு கைத்துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்தால், எது உங்கள் கைக்கு என்பது பாதி தெளிந்துவிடும்.

உரிமத்தில் மூன்று வரிகளை உடனே வாசியுங்கள்: ஆயுத வகை, தோட்டா எண்ணிக்கை, செல்லுபடியாகும் பகுதி. ‘ரிவால்வர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பிஸ்டல் வாங்கும் முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

பகுதி விஷயம் வேறு எந்த ஊரையும்விட நமக்குத்தான் முக்கியம். புதுச்சேரியின் எல்லை நேர்கோடாக இல்லை. புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாகத் திருபுவனை போகிறவர் நடுவில் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் மறுபடி புதுச்சேரிக்குள் வருகிறார். கடலூர்க்காரர் முள்ளோடையைத் தாண்டினாலே வேறு ஆட்சிப்பகுதி. உரிமம் ஒரு பக்கத்துக்கு மட்டும் செல்லும் என்றால், தினசரிப் பயணமே நிபந்தனை மீறலாகிவிடும். தொழில் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை ஆதாரத்தோடு விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எல்லை தாண்டியுள்ள கடையில் வாங்குவதாக இருந்தால், எடுத்துவருவதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

வெளியே எடுத்துப் போகும்போது உறைக்குள்ளோ பைக்குள்ளோ, உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தை நோக்கிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கடைசிப் படி: உப்புக்காற்றும் புயலும்

தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று நமக்குத் தெரியும். பிஸ்டலுக்கும் அதே காற்றுதான். மாடல் தேர்ந்தெடுக்கும்போதே பூச்சைப் பாருங்கள். நீலப்பூச்சு தேய்ந்த பழைய துப்பாக்கி இங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. தோல் உறை அழகாக இருக்கும், ஆனால் அதிலேயே வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில், வேறு சாவியில். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சாவி எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பெட்டியைத் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் வந்தபோது கூரையே போனது. வீட்டைவிட்டு முகாமுக்குப் போகிற நிலை வரும் என்று தெரிந்தால், எச்சரிக்கை வந்த அன்றே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிடுங்கள். தண்ணீர் புகுந்த தோட்டாவைக் காயவைத்துப் பயன்படுத்தவே கூடாது, கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தாலும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். அப்போது துப்பாக்கியின் எண், மேகசின் எத்தனை, தோட்டா எத்தனை, துரு ஏதும் இல்லை என்பது எல்லாம் ரசீதில் எழுதப்படுகிறதா என்று பாருங்கள். ஒப்படைக்கும் முன் நன்றாக எண்ணெய் போட்டு, தோல் உறை இல்லாமல், எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது ஸ்லைடை இழுத்து, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.